ஸ்வெட்டருக்குச் சூடு கிடையாது, பாஸ்!



இந்த வாரம் ஒரு சின்ன பந்தயம். ஃப்ரிட்ஜ்ல இருந்து ரெண்டு ஐஸ்கட்டி எடுங்க. ஒண்ணை வெறும் தட்டுல வைங்க. இன்னொண்ணை உங்க தாத்தாவோட கம்பளி மஃப்ளர்ல நல்லா சுத்தி வைங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா எது அதிகமா உருகியிருக்கும்?

"கம்பளி சூடாச்சே... அதுல இருக்கிறதுதான் சீக்கிரம் உருகும்"னு சொன்னவங்க கையைத் தூக்குங்க. ம்ம்... பாதி கிளாஸ்! நம்ம ஹாஸ்டல்லயும் பத்துக்கு ஆறு பேர் அதைத்தான் சொன்னாங்க. ஆனா, தட்டுல இருக்கிற கட்டிதான் முதல்ல தண்ணியாகும். மஃப்ளருக்குள்ள இருக்கிறது ராஜா மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஏன்னா, கம்பளிக்குச் சூடே கிடையாது. ஸ்வெட்டர், ரஜாய், ஜெர்கின் எதுவுமே சூடு தர்றதில்லை. அதுங்களுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை... வாட்ச்மேன் வேலை! உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது, வெளியே இருக்கிற சூட்டை உள்ளே விடாது. உள்ளே இருக்கிறது மனுஷனா, ஐஸ்கட்டியான்னு அதுக்குக் கவலையே இல்லை.

'அடப்பாவி! ஒரகடம் பக்கத்துல வடக்குப்பட்டுல உட்கார்ந்துக்கிட்டு, ஃபேன் காத்தே அனலா அடிக்கிற ஊர்ல, குளிரைப் பத்தி எழுதறியே'ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. காரணம் இருக்கு. கடைசியில சொல்றேன்.

ஐஸ் ஹவுஸ் ரகசியம்

சென்னைக்காரங்க எல்லாரும் மெரினா போற வழியில பார்த்திருப்பீங்க, விவேகானந்தர் இல்லம். பழைய பேரு ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல குளிர்காலத்துல ஏரி, குளமெல்லாம் உறைஞ்சு கிடக்கும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, கப்பல்ல ஏற்றி, வெப்ப நாடுகளுக்கு விற்ற கில்லாடி ஃப்ரெடரிக் ட்யூடர். அவர் கம்பெனி சென்னையில ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டின கட்டடம்தான் அது. கட்டின வருஷம் 1842.

கரன்ட்டும் இல்லை, ஃப்ரீஸரும் இல்லை. 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பின முதல் கப்பல்ல கிளம்பினப்போ 180 டன் ஐஸ் இருந்துச்சு. நாலு மாசம் கடல்ல, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி வந்து சேர்ந்தப்போ சுமார் 100 டன் மிச்சம்! எப்படிங்கிறீங்களா? கட்டிகளைச் சுத்தி மரத்தூளைக் கொட்டி அடைச்சாங்க. நம்ம ஊர் ஐஸ் வண்டிக்காரர் பெரிய கட்டியை மரத்தூளும் சாக்கும் போட்டு மூடி எடுத்துட்டு வருவாரே, அதே டெக்னிக்.

மரத்தூள் அங்கே செஞ்சதும், சியாச்சின்ல நிக்கிற ஜவானுக்கு ஜாக்கெட் செய்யறதும் ஒரே வேலைதான். திசை மட்டும்தான் தலைகீழ்.

பஞ்சுமிட்டாய் கண்ணாடி

அந்த மரத்தூள்ல என்ன மாயம்? மரத்தைவிட முக்கியமான ஹீரோ அதுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கு... காத்து!

மெக்கானிக்கல் மக்களுக்கு ஹெச்.எம்.டி. டேட்டா புக் ஞாபகம் இருக்கா? எக்ஸாம் ஹாலுக்குள்ள தைரியமா கொண்டு போக முடிஞ்ச ஒரே புத்தகம். அதுல ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தைக் கடத்துற திறன் எவ்வளவுன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. நம்பர் பெரிசா இருந்தா சூடு சரசரன்னு ஓடும். சின்னதா இருந்தா நொண்டியடிக்கும்.

தாமிரம் சுமார் 400. அலுமினியம் 200-க்கு மேல. கண்ணாடி சுமார் 1. தண்ணி 0.6. கம்பளித் துணி 0.04. அசையாத காத்து வெறும் 0.025! நம்மைச் சுத்தி ஓசியில கிடைக்கிற காத்துதான் உலகத்தோட சிறந்த 'வாட்ச்மேன்'கள்ல ஒருத்தர்.

நம்ம ஏரியாவுலயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபைன் தொழிற்சாலை 2000-ல இருந்து கண்ணாடி தயாரிக்குது. அந்த மாதிரிக் கண்ணாடித் தகட்டோட நம்பர் 1. அதே கண்ணாடியை உருக்கி, பஞ்சுமிட்டாய் மெஷின்ல சர்க்கரையைச் சுத்தற மாதிரி சுத்தி இழை இழையா எடுத்தா, அதுக்குப் பேரு கிளாஸ் வூல். அதோட நம்பர் 0.04. சரக்கு அதேதான். ஆனா, சூடு கடத்தறது 25 பங்கு குறைஞ்சு போச்சு. நடுவுல மாட்டிக்கிட்ட காத்தோட வேலை அது.

'அப்போ சும்மா காத்துல நின்னாலே போதுமே, எதுக்கு ஜாக்கெட்?'னு கடைசி பெஞ்ச்ல இருந்து குரல் வருது. நல்ல கேள்வி! காத்து ஒரு இடத்துல நிக்காது பாஸ். உடம்புகிட்ட சூடானதும் லேசாகி மேலே கிளம்பிடும். அந்த இடத்துக்குப் புதுசா குளிர்காத்து வரும். இப்படியே சூட்டைத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கும். அதை ஓடவிடாம சின்னச் சின்ன அறையில பூட்டி வைக்கணும். அந்தப் பூட்டுக்குத்தான் கம்பளி, பஞ்சு, வாத்து இறகு, தெர்மோகோல், பஃப் எல்லாமே. அம்மா இட்லி அடுக்கி வைக்கிற ஹாட் பாக்ஸ் சுவருக்குள்ள, ஃப்ரிட்ஜ் கதவுக்குள்ள இருக்கிறதும் அந்த பஃப்-தான். கோடிக்கணக்கான குட்டிக் குமிழிகள், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கைதி.

திடீர்னு குளிர் காத்து அடிச்சா உங்களுக்குப் புல்லரிக்குதே, அதுவும் இதே கதைதான். குருவி குளிர்ல இறகைச் சிலிர்த்துக்கிட்டு பந்து மாதிரி உட்காரும். காத்தைப் பிடிச்சு வைக்கிற முயற்சி. நம்ம உடம்பும் முடியைத் தூக்கி நிறுத்தி அதைத்தான் செய்யப் பார்க்குது. பாவம், நம்மகிட்டதான் அவ்வளவு முடி இல்லை!

நீங்க ஒரு 100 வாட் பல்ப்

ஸ்வெட்டர் சூடு தரலைன்னா, சூடு எங்கே இருந்து வருது? உங்ககிட்ட இருந்துதான். மெஸ்ல சாப்பிட்ட சாம்பார் சாதம் உள்ளே எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடறார். அந்தக் காலத்து குண்டு பல்ப் மாதிரி. உள் உடம்பு 37 டிகிரியில இருக்கணும். 35-க்குக் கீழே இறங்கினா அதுக்குப் பேரு ஹைபோதெர்மியா. முதல்ல நடுக்கம், அப்புறம் பேச்சு குழறும், புத்தி தடுமாறும். அதுக்கும் கீழே போனா இதயமே தடுமாறும்.

வாங்க, ஒரு சின்ன கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, ஃபைவ் மார்க் கொஸ்டின்தான். வெளியே மைனஸ் 40 டிகிரி. உங்க தோல் 33 டிகிரி. வித்தியாசம் 73. உடம்போட மேற்பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். உட்கார்ந்திருக்கிற உங்க 100 வாட்டும் வீணாகாம உங்களைக் காப்பாத்தணும்னா, 0.04 நம்பர் உள்ள பஞ்சு எவ்வளவு தடிமன் வேணும்? விடை: சுமார் 5 சென்டிமீட்டர். தலையில இருந்து கால் வரைக்கும்! அதாவது நீங்க ஒரு நடமாடும் மெத்தை.

இப்போ அதே ஆள் மூட்டையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறறார்னு வைங்க. உடம்பு 400 வாட் வரைக்கும் சூடு விடும். இப்போ தேவை, ஒன்றேகால் சென்டிமீட்டர் மட்டும். மிச்ச பஞ்சு அவரைக் குக்கர்ல வெச்ச மாதிரி அவிச்சு, வேர்க்க வெச்சிடும். அந்த வேர்வைதான் எமன். அதுக்குக் கொஞ்சம் பொறுங்க.

(மூச்சுல போற சூடு, காத்தோட வேகம் எல்லாத்தையும் விட்டுட்டுப் போட்ட மேலோட்டமான கணக்கு இது. எக்ஸாம்ல எழுதிட்டு என்னைத் திட்டாதீங்க!)

இந்தக் கணக்கைத்தான் குளிர்நாட்டுக்காரங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க: தடியா ஒரே ஒரு கோட்டு போடாதே, மெல்லிசா பல அடுக்கு போடு. ஏறும்போது ஒண்ணைக் கழற்று, நிக்கும்போது மாட்டிக்க. வெங்காயம் மாதிரி.

முதல் அடுக்கு, தோலை ஒட்டி இருக்கிற தெர்மல். வேர்வையை உறிஞ்சி வெளியே தள்ளறது அதோட வேலை. நம்ம திருப்பூர்ல தைச்சு உலகமெல்லாம் போகுதே, அதேதான். நடு அடுக்கு காத்தைப் பூட்டி வைக்கிறது. கம்பளி, ஃப்ளீஸ், இறகு எதுவா வேணா இருக்கலாம். நீங்க குடிச்சுட்டுப் போட்ட பெட் பாட்டிலை உருக்கி இழையாக்கிக்கூட ஃப்ளீஸ் செய்யறாங்க. வெளி அடுக்கு காத்தையும் பனியையும் தடுக்கிற கோட்டைச் சுவர்.

நாலு வில்லன்கள்

எவ்வளவு காஸ்ட்லி ஜாக்கெட்டா இருந்தாலும், நாலு வில்லன்கள் அதைக் கவுத்திடுவாங்க. லடாக்குக்கு பைக்ல போகணும்னு கனவு காணற மக்கள் கொஞ்சம் கவனிங்க. நம்ம காரிடார்ல தயாராகிற ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கர்துங் லா வரைக்கும் ஏறிடும். ஓட்டற ஆளும் ஏறணும்ல?

வில்லன் நம்பர் 1, வீசற காத்து. பைக்ல நீங்களே காத்தை உண்டாக்கறீங்க. வெளியே 0 டிகிரி, வண்டி வேகம் 60 கிலோமீட்டர். உங்க முகத்துக்கு அது மைனஸ் 9 மாதிரி. நல்ல ஸ்வெட்டர் போட்டும் நடுங்கறீங்கன்னா, காத்து அதோட ஓட்டை வழியே புகுந்து, பூட்டி வெச்ச காத்தை விரட்டியடிக்குதுன்னு அர்த்தம். அந்தக் காலத்து பைக் பார்ட்டிகள் சட்டைக்குள்ள நியூஸ்பேப்பர் சொருகிக்கிட்டு போனது சும்மா இல்லை!

நம்பர் 2, ஈரம். காத்தோட நம்பர் 0.025, தண்ணியோட நம்பர் 0.6. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, 24 மடங்கு. துணி நனைஞ்சா, காத்து உட்கார்ந்திருந்த சீட்ல எல்லாம் தண்ணி வந்து உட்கார்ந்திடும். போதாக்குறைக்கு அந்தத் தண்ணி ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துட்டுப் போகும். மண்பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கிற அதே வித்தை, உங்க முதுகுல! சென்னை வெயிலுக்கு தெய்வமா இருக்கிற காட்டன் பனியன், பனிமலையில துரோகியாகிறது இதனாலதான். வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கிட்டு விடவே விடாது.

நம்பர் 3, அமுக்கம். 'கால் விறைக்குது'ன்னு ஒரே ஷூவுக்குள்ள மூணு சாக்ஸைத் திணிக்கறவங்க உண்டு. திணிச்சா காத்து நசுங்கி வெளியே போயிடும். ரத்த ஓட்டமும் குறையும். விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு சாக்ஸ் குறைச்சலா இருந்தாலும் பரவாயில்லை, விரலை ஆட்ட இடம் இருக்கணும்.

நம்பர் 4, தரை. கொடைக்கானல் டூர்ல டென்ட்ல படுத்தவங்களுக்குத் தெரியும். மேலே ரெண்டு ரஜாய் போட்டும் முதுகு சில்லிடும். நம்ம எடையே கீழே இருக்கிற பஞ்சை நசுக்கிடுது. மேலே போர்த்தறதுக்கு முன்னாடி கீழே விரிக்கணும். பாயோ, தெர்மோகோல் ஷீட்டோ, பழைய அட்டைப்பெட்டியோ... எது வேணா!

134 பெட்டிகளுக்குள்ள ஒரு இந்தியா

இந்த நாலு வில்லன்களையும் மொத்தமா சமாளிச்சு நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அன்டார்டிகாவுல 2012-ல் தொடங்கின நம்ம 'பாரதி' ஆராய்ச்சி நிலையம். ஒரகடம் ரோட்டுல டிரெய்லர் லாரி இழுத்துட்டுப் போகுதே கன்டெய்னர், அதே மாதிரி 134 கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டினது. இரும்புப் பெட்டி சூட்டை வாரி வெளியே கொட்டுமே? அதான் சூட்சுமம். மொத்த அடுக்கையும் சுத்தி வெப்பத்தைத் தடுக்கிற ஒரு வெளிக்கூடு போர்த்தி, அதுக்கு மேல அலுமினியத் தகடு. பூமியில இதுவரைக்கும் தரைமட்டத்துல அளந்த மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 89.2 டிகிரி. 1983-ல் அதே கண்டத்துல இருக்கிற ரஷ்யாவோட வோஸ்டாக் நிலையத்துல பதிவானது. அந்தக் கண்டத்துலதான் நம்ம ஆளுங்க வருஷம் முழுக்க வேலை பார்க்கறாங்க.

சோனம் போஸ்ட்

இனிமே கொஞ்சம் சீரியஸ், மக்களே.

2016 பிப்ரவரி 3. சியாச்சின் பனிமலையில, சுமார் 19,600 அடி உயரத்துல இருக்கிற சோனம் போஸ்ட். அங்கே இருந்தவங்க மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட 19-வது பட்டாலியன்காரங்க. பெரிய பனிப்பாளம் ஒண்ணு சரிஞ்சு, பத்து பேர் புதைஞ்சு போனாங்க. அதுல நாலு பேர் நம்ம தமிழ்நாடு. வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டத்து குமார், மதுரை மாவட்டத்து கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து ராமமூர்த்தி. வெயில் காயற ஊருங்கள்ல பிறந்து வளர்ந்தவங்க.

ஆறாவது நாள், பனியைத் தோண்டிக்கிட்டே போன மீட்புக் குழுவுக்கு ஒரு ஆச்சரியம். கர்நாடகாவைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோட இருந்தார். சுமார் 25 அடி பனிக்குக் கீழே! மடிஞ்சு போன கூடாரத்துக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துப்பைதான் அவருக்கு மூச்சும் கொடுத்துச்சு, சுவரும் கொடுத்துச்சு. பனியே ஒரு இன்சுலேட்டர்தான். புதுசா விழுந்த பனியில பெரும்பகுதி காத்து. வெளியே மைனஸ் 40-ல் காத்து அறையும்போது, பனிக்கு அடியில காத்தும் வீசாது, அவ்வளவு குளிரும் இறங்காது. எஸ்கிமோக்கள் பனியிலயே இக்ளூ வீடு கட்டினது இதை நம்பித்தான்.

டெல்லி ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. நாடே வேண்டிக்கிச்சு. பிப்ரவரி 11-ம் தேதி அவரும் போயிட்டார்.

அந்தச் சரிவை எந்த ஜாக்கெட்டும் தடுத்திருக்காது. அதுக்கும் நான் அடுத்து சொல்லப் போறதுக்கும் முடிச்சு போடாதீங்க. ஆனா, அதே மாதிரி மலையில தினம் தினம் நிக்கிறவங்களுக்கு என்ன கிடைச்சுதுங்கிறது தனிக் கதை. 2020 பிப்ரவரியில பாராளுமன்றத்துல சி.ஏ.ஜி. அறிக்கை ஒண்ணு வந்துச்சு. 2015-16 முதல் 2017-18 வரைக்குமான கணக்கு. உயரமான பனிப்பகுதிகள்ல இருக்கிற ஜவான்களுக்கு பனிக்கண்ணாடி 62-ல் இருந்து 98 சதவிகிதம் வரைக்கும் பற்றாக்குறை. 2015 நவம்பர்ல இருந்து 2016 செப்டம்பர் வரைக்கும் புது பல்நோக்கு பூட்ஸ் வரலை, பழைய பூட்ஸையே சரிபண்ணிப் போட வேண்டிய நிலைமை. முகமூடி, ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் பழைய மாடல். 'அது பழைய கணக்கு, இப்போ சரியாயிடுச்சு'ன்னு ராணுவத் தரப்புல பதில் சொன்னாங்க.

நல்ல செய்தியும் இருக்கு. வெளிநாட்டை நம்பி இருந்த இந்த உடுப்பை இங்கேயே செய்ய டி.ஆர்.டி.ஓ. மூணு அடுக்கு உடை ஒண்ணை உருவாக்குச்சு. பிளஸ் 15-ல் இருந்து மைனஸ் 50 டிகிரி வரைக்கும் தாங்கும். 2022 டிசம்பர்ல அந்தத் தொழில்நுட்பத்தை அஞ்சு இந்திய கம்பெனிகளுக்குக் கொடுத்தாங்க. 2025 ஜனவரியில மைனஸ் 60 வரைக்கும் தாங்கற 'ஹிம்கவச்' உடையையும் சோதிச்சுப் பார்த்தாங்க. பொருள் கண்டுபிடிக்கிறது பாதி வேலை. அது சரியான சைஸ்ல, சரியான மாசத்துல, அந்த ஆளோட காலுக்குப் போய்ச் சேர்றது மீதி வேலை.

வடக்குப்பட்டு மைனஸ் 20

இப்போ முதல்ல சொன்ன அந்தக் காரணத்துக்கு வர்றேன். வடக்குப்பட்டுல எதுக்குக் குளிர்?

எங்க மாமா ஒருத்தர் இங்கே ரூம் எடுத்துத் தங்கி, இந்த காரிடார்ல இருக்கிற ஒரு கோல்டு ஸ்டோரேஜ்ல லோடிங் வேலை பார்க்கறார். கான்ட்ராக்ட்தான். உள்ளே மைனஸ் 20 டிகிரி. ஐஸ்க்ரீம், கோழி, பட்டாணின்னு அட்டைப்பெட்டி மலை மாதிரி அடுக்கியிருக்கும். வெளியே டாக்ல மே மாசம் 38 டிகிரி. ஒரு கதவைத் தாண்டினா 58 டிகிரி வித்தியாசம். சென்னையில இருந்து அன்டார்டிகாவுக்கு அஞ்சு செகண்ட்ல ஃப்ளைட்!

போன லீவுல மாமா ரூமுக்குப் போனேன். வாசல் கொடியில கரும்பச்சை கலர்ல தடியா ஒரு ஜாக்கெட் காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"என்ன மாமா, ஊட்டிக்கு டூரா?"

"கிண்டலாடா மாப்ள? கம்பெனி ஜாக்கெட்டு. ராத்திரி ஷிஃப்டுக்கு வேணும். அதுக்குள்ள காயணும்."

"கம்பெனிலயே வேற இல்லையா?"

"எட்டு பேருக்கு அஞ்சு இருக்கு. முதல் ஷிஃப்டு ஆளு கழட்டிக் குடுப்பான், அவன் வேர்வை ஆறாம நாங்க மாட்டிக்கணும். அதான் இன்னைக்கு நான் கையோட கொண்டாந்துட்டேன், வெயில்ல போட்டுக் காய வெக்கலாம்னு. குளிரு கூட பழகிடுச்சுடா. அந்த ஈரந்தான் பழகல."

எனக்கு உடனே டேட்டா புக் ஞாபகம் வந்துச்சு. 0.025, 0.6. இருபத்து நாலு மடங்கு. செமஸ்டர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதின நம்பர், அந்தக் கொடியில சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த ரூமோட சுவர், கூரை, தரை எல்லாத்துலயும் பஃப் பேனல். ஒரு இஞ்ச் இடைவெளி விடாம சீல் பண்ணியிருப்பாங்க. ஈரம் புகுந்தா பேனல் வீணாகிடும்னு அதுக்கு மேல ஒரு தகடு வேற. கதவுல சின்ன ஓட்டை விழுந்தாலும் அன்னைக்கே ஆள் வந்து அடைச்சிடுவான், ஏன்னா கரன்ட் பில் எகிறும். சிக்கனுக்கு ஆறு இஞ்ச் பஃப். அதைத் தூக்கற மனுஷனுக்கு, நேத்து ஆள் வேர்வை காயாத ஜாக்கெட்.

அந்தக் கம்பெனி மட்டும் கெட்டவங்கன்னு நான் சொல்லலை. கணக்கு போடறவங்க கண்ணுக்கு பேனல் தெரியுது, ஜாக்கெட் தெரியலை. பேனல் 'எக்விப்மென்ட்' கணக்குல வருது. ஜாக்கெட் 'கன்ஸ்யூமபிள்' கணக்குல, கையுறை, சோப்பு, துடைப்பத்தோட சேர்ந்து வருது. சியாச்சினுக்கு வராத பூட்ஸும், இங்கே குறையற மூணு ஜாக்கெட்டும் ஏதோ ஒரு ஃபைல்ல, ஏதோ ஒரு டேபிள்ல நின்னு போனதுதான்.

இதே வடக்குப்பட்டுல 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டினப்போ கற்காலக் கருவிகள் கிடைச்சது உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கல்லைச் செதுக்கின ஆளுக்கு ஸ்வெட்டர் கவலையே இருந்திருக்காது. அதுக்கும் ரொம்ப முன்னாடி, சுமார் 40 ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே சைபீரியாவுல எலும்புல காது வெச்ச ஊசி செஞ்சு, தோலை உடம்புக்கு ஏத்த மாதிரி தைச்சுப் போட்டிருக்காங்க. காத்தைப் பூட்டத் தெரிஞ்ச பிறகுதான் மனுஷன் பனி நாட்டுக்குக் குடி போனான். அவ்வளவு பழைய டெக்னாலஜி மக்களே இது. எட்டு பேருக்கு எட்டு ஜாக்கெட் கொடுக்கிறது ராக்கெட் சயின்ஸ் இல்லை!

நீங்க என்ன செய்யலாம்?

'நான் ஸ்டூடன்ட்டுப்பா, என்கிட்ட ஏன் சொல்றே?'ங்கிறீங்களா? ரெண்டு வருஷத்துல நம்மள்ல பாதிப் பேர் கழுத்துல ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டு இதே காரிடார்ல டிரெய்னியா நிப்போம். அப்போ உங்க கையில ஒரு செக்லிஸ்ட் இருக்கும். அதுல இந்த நாலு வரியைச் சேர்த்துக்குங்க.

ஒண்ணு, ஷிஃப்டுக்கு எத்தனை தலையோ அத்தனை ஜாக்கெட், அத்தனை ஜோடி கையுறை, அத்தனை பூட்ஸ். எண்ணிப் பாருங்க. பேப்பர்ல இல்லை, ஆணியில தொங்கறதை.

ரெண்டு, ஜாக்கெட் காய ஒரு இடம். அந்தக் கோல்டு ரூமைக் குளிர வைக்கிற மெஷின், வெளியே வெந்த காத்தைத்தான் ஊதிக்கிட்டு இருக்கு. அந்தக் காத்து படற இடத்துல ஒரு ஸ்டாண்டு அடிச்சு வெச்சா, ஓசி டிரையர்! இறுதி வருஷ மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறவங்க எடுத்துக்கலாம். ராயல்டி வேண்டாம், ஒரு டீ போதும்.

மூணு, உள்ளே எவ்வளவு நேரம், வெளியே எவ்வளவு நேரம்னு ஒரு கணக்கு. எந்தக் குளிருக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு உடுப்பு வேணும்னு கணக்கிட ஐ.எஸ்.ஓ. 11079-ன்னு ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கு. நாம மேலே போட்ட ஃபைவ் மார்க் கணக்கோட பெரியண்ணன் அது.

நாலு, உள்ளே போகும்போது வேர்த்த பனியனை மாற்றிக்க ஒரு ரூம். நம்பர் 2 வில்லனை வாசல்லயே நிறுத்திடலாம்.

மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "மாப்ள, அந்த நம்பரை ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் குடு, சூப்பர்வைசர்கிட்ட காட்டறேன்"னார். எழுதிக் கொடுத்தேன். தண்ணி 24 மடங்கு, எட்டு பேருக்கு எட்டு, காய ஒரு ஸ்டாண்டு. மூணே வரி. மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். என்ன ஆச்சுன்னு தெரிஞ்சதும் இதே பக்கத்துல சொல்றேன்.

அதுவரைக்கும் அந்த ஐஸ்கட்டி பந்தயத்தை ரூம்மேட்கிட்ட வைங்க. கண்டிப்பா ஜெயிப்பீங்க. ஜெயிச்ச டீயை மட்டும் ஸ்டீல் டம்ளர்ல வாங்காதீங்க. ஸ்டீல் சூட்டை நேரா உங்க விரலுக்குக் கடத்திடும். அப்புறம் என்னைத் திட்டுவீங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா?